3யு கியூப்சாட்டில் பிளாஸ்மா கருவி: டாப்-ஹேட்டைப் பாதியாகச் சுருக்கினால் போதாதா?

சுற்றுப்பாதை_எலி

எல்லோருக்கும் வணக்கம். மாணவர் குழுவாக ஒரு 3யு கியூப்சாட் (10 செ.மீ. கனசதுரம் மூன்றை அடுக்கிய அளவில் ஒரு குட்டிச் செயற்கைக்கோள்) செய்துகொண்டிருக்கிறோம். மேலே இருக்கும் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்து கிடக்கும் வாயுவை, அளக்க வேண்டும். 500 கி.மீ. உயரம். கருவிக்கு என்று கிடைத்திருப்பது அரை யு இடம், அதாவது 10×10×5 செ.மீ., கூடவே 1.5 வாட். எலக்ட்ரான் அடர்த்தி, அயனி வெப்பநிலை, முடிந்தால் அயனிகள் எந்த வேகத்தில் அடித்துச் செல்கின்றன என்பது, இந்த மூன்றும் வேண்டும்.

பெரிய விண்கலங்களில் போகும் டாப்-ஹேட் பகுப்பானை எடுத்துப் பாதி அளவில் செய்யலாம் என்பது எங்கள் திட்டம். தெரியாதவர்களுக்கு: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அரைக்கோளங்கள், நடுவே குறுகிய இடைவெளி, மேலே ஒரு தொப்பி. உள்கோளத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அதற்கேற்ற ஆற்றல் உள்ள துகள் மட்டும் இடைவெளி வழியே வளைந்து வந்து கீழே இருக்கும் மைக்ரோசேனல் பிளேட்டில் (எம்சிபி, துகளை ஒவ்வொன்றாக எண்ண உதவும் தட்டு) விழும். 360 டிகிரியையும் ஒரே நேரத்தில் பார்க்கும். 40 மி.மீ. ஆரமும் 3 மி.மீ. இடைவெளியும் உள்ள ஒன்றை 20 மி.மீ., 1.5 மி.மீ. என்று ஆக்கினால் எடை எட்டில் ஒன்றாகிவிடும். எங்கே இடிக்கும்?

கோடிஎண்

இடிக்கும் இடம் இரண்டு. முதலாவது, எடை மூன்றாம் அடுக்கில் குறையும். உள்ளே வரும் துகள்களின் எண்ணிக்கை இரண்டாம் அடுக்கில் குறையும். ஜியோமெட்ரிக் ஃபேக்டர், அதாவது கருவி எவ்வளவு துகளை உள்ளே விடும் என்ற அளவு, ஆரத்தின் வர்க்கத்தோடு போவது. பாதியாக்கினால் எண்ணிக்கை கால்வாசி. அதே துல்லியம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் கலம் நான்கு மடங்கு தூரம் போய்விடும். நாசாவின் எம்எம்எஸ் கலங்கள் எலக்ட்ரான் பரவலை 30 மில்லி நொடிக்கு ஒரு முறை எடுக்கின்றன என்று கேட்டு வியக்கிறோம். ஒவ்வொரு கலத்தையும் சுற்றி எட்டு எலக்ட்ரான் உணரி, எட்டு அயனி உணரி இருக்கின்றன, அதனால்தான் முடிகிறது.

இரண்டாவது மின்னழுத்தம். துகளின் ஆற்றலுக்கும் தட்டின் மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதம் தோராயமாக ஆரத்தை இரட்டை இடைவெளியால் வகுத்தால் வரும். உங்கள் பெரிய வடிவத்துக்கு 40/6, சுமார் 6.7. சிறியதற்கும் 20/3, அதே 6.7. அதாவது 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் துகளைப் பார்க்க இரண்டிலுமே 3,000 வோல்ட் வேண்டும். பெரியதில் அது 3 மி.மீ. இடைவெளியில் நிற்கிறது, உங்களுடையதில் 1.5 மி.மீ.யில்.

வெற்றிடவாசி

மி.மீ.க்கு 1,000 வோல்ட் வரை எனக்குத் தூக்கம் வரும். 2,000 என்றால் வராது.

அப்புறம் தம்பி, அரைக்கோளம் சுருங்கும், அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டி சுருங்காது. மைக்ரோசேனல் பிளேட்டை இரண்டாக அடுக்கினால் சுமார் 2 கிலோ வோல்ட் கேட்கும். அதைக் கொடுக்க மின்மாற்றி, டயோடும் மின்தேக்கியுமாக ஒரு ஏணி, அதைச் சுற்றி இடைவெளி, பூச்சு. கூர்மையான சால்டர் முனை ஒன்று இருந்தாலும் அங்கிருந்து ஒழுகும், எல்லாவற்றையும் உருண்டையாக வைக்க வேண்டும். ஊற்றும் பிசினுக்குள் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் அதுவும் ஆபத்து.

சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். வெற்றிட அறையின் அளவி நல்ல எண் காட்டியது, நான் ஹை வோல்டேஜைப் போட்டேன். அளவி இருந்தது பம்ப் வாயருகே. கருவிப் பெட்டிக்குள் இருந்த காற்று வெளியேற நாங்கள் விட்டிருந்ததோ ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. உள்ளே அழுத்தம் இன்னும் இறங்கவே இல்லை. பாஷன் வளைகோட்டின் (எந்த அழுத்தத்தில் எத்தனை வோல்ட்டுக்குத் தீப்பொறி பறக்கும் என்று காட்டுவது) அடிமட்டத்தில், காற்றில், சுமார் 330 வோல்ட்டே தீப்பொறிக்குப் போதும். நாங்கள் அதைப்போலப் பல மடங்கு கொடுத்திருந்தோம். நீலமாக ஒரு மினுக்கல், அவ்வளவுதான். 16 முன்பெருக்கிகளில் 11 செத்துப்போயின. அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் காற்றுத்துளையைத்தான் பார்க்கிறேன்.

விண்ணுக்குப் போனாலும் இதே கதைதான். ஏவிய கையோடு போட முடியாது. பூச்சும் பசையும் வாயுவைக் கக்கி முடிக்கும்வரை பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகு படிப்படியாக ஏற்ற வேண்டும். கியூப்சாட்டின் ஆயுளில் அது பெரிய துண்டு.

சுற்றுப்பாதை_எலி

புரிகிறது சார். ஆனால் நாங்கள் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பார்க்கப் போவதில்லையே. 500 கி.மீ.யில் இருப்பது குளிர்ந்த பிளாஸ்மா. சில எலக்ட்ரான் வோல்ட்தான். தட்டுக்கு 10 வோல்ட்கூடத் தேவைப்படாது.

மைக்ரோ_ஆம்பியர்

நல்ல கேள்வி. தட்டு தப்பிக்கும், எம்சிபி தப்பிக்காது.

கணக்கைப் பார்ப்போம். சூரியக் காற்றில், பூமிக்கு அருகே, கன செ.மீ.க்கு 5 புரோட்டான், நொடிக்கு 400 கி.மீ. வேகம். பெருக்கினால் சதுர செ.மீ.க்கு நொடிக்கு 20 கோடி. உங்கள் உயரத்தில் கன செ.மீ.க்கு ஒரு லட்சம் அயனி என்று வைத்துக்கொள்ளுங்கள் (இரவில் பத்தில் ஒன்றாகும், நண்பகலில் பத்து மடங்காகவும் ஆகலாம்). கலம் 7.5 கி.மீ. வேகத்தில் அதற்குள் பாய்கிறது. சதுர செ.மீ.க்கு நொடிக்கு 7,500 கோடி. மழைத்துளியை ஒவ்வொன்றாக எண்ணுவதற்குச் செய்த கருவியை அருவிக்கடியில் வைக்கிறீர்கள். எம்சிபி திணறும், அல்லது துளையை அவ்வளவு குறுக்க வேண்டியிருக்கும்.

துகள் இவ்வளவு கொட்டும் இடத்தில் எண்ணக் கூடாது, மின்னோட்டமாக அளக்க வேண்டும். அதே 7,500 கோடி என்பது சதுர செ.மீ.க்கு 12 நானோ ஆம்பியர். சாதாரண எலக்ட்ரோமீட்டர் (மிகச் சிறிய மின்னோட்டத்தை அளப்பது) சுற்று போதும், ஹை வோல்டேஜே வேண்டாம். எதிர்ப்பு மின்னழுத்தப் பகுப்பான், ஆர்பிஏ, அதைச் செய்யுங்கள்: ஒரு துளை, அதன்பின் நான்கு வலை, கடைசியில் ஒரு சேகரிப்புத் தட்டு. நடு வலைக்கு 0 முதல் 12 வோல்ட் வரை ஏற்றிக்கொண்டே போனால் எந்த வோல்ட்டில் மின்னோட்டம் விழுகிறது என்று பார்க்கலாம். 4 சதுர செ.மீ. துளை, ஒவ்வொரு வலையும் 90 சதவீதம் திறந்தது என்றால் நான்கையும் தாண்டி 66 சதவீதம் வரும். சுமார் 32 நானோ ஆம்பியர். இரவில் 3. இரண்டுமே வசதியாக அளக்கக்கூடியவை.

சுற்றுப்பாதை_எலி

அண்ணா, வலையும் தட்டும் ரொம்பப் பழைய தொழில்நுட்பம் இல்லையா? எங்கள் ஆய்வுக் குழுவிடம் காட்டினால் "இதில் புதுசு என்ன" என்று கேட்பார்கள்.

தூசிப்படலம்

கேட்கட்டும். 1959-ல் லூனா கலங்களில் கிரிங்காஸ் குழு சூரியக் காற்றின் அயனிகளை முதலில் பிடித்தது இந்த வகைப் பொறியில்தான். வாயேஜர்-2 2018 நவம்பரில் சூரியக் குமிழியைத் தாண்டியபோது பிளாஸ்மா மாறியதை நேராகச் சொன்னதும் ஃபாரடே கப்தான் (இதேபோல வலையும் சேகரிப்புத் தட்டும் உள்ள கிண்ணம்), 1977-ல் ஏவியது. 2024 செப்டம்பரில் அதை அணைத்தார்கள், அதுவும் பழுதால் இல்லை, கலத்தில் மின்சாரம் போதாமல். பார்க்கர் கலத்தில் வெப்பக் கேடயத்துக்கு வெளியே தலையை நீட்டிச் சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஃபாரடே கப். வலை டங்ஸ்டன், கம்பி நயோபியம், காப்புக்கு நீலமணிக் குழாய். டாப்-ஹேட்டை அங்கே நிறுத்திப் பாருங்கள்!

டாப்-ஹேட்டை மட்டம் தட்டவில்லை. ஆதித்யா-எல்1-ல் இருக்கும் SWIS என்ற சூரியக் காற்று அயனிக் கருவியில் இரண்டு டாப்-ஹேட் இருக்கின்றன, அந்த வேலைக்கு அதுதான் சரி. சூரியக் காற்றில் புரோட்டானும் ஹீலியமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருவதால், மின்சுமைக்கான ஆற்றலில் ஹீலியம் இரண்டு மடங்கில் தனியாக நிற்கும், நிறைமானியே (அயனிகளை நிறையை வைத்துப் பிரிக்கும் கருவி) இல்லாமல் பிரித்துவிடலாம். உங்கள் இடம் வேறு, உங்கள் பிளாஸ்மா வேறு.

கோடிஎண்

ஆர்பிஏவுக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் மைக்ரோ_ஆம்பியர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதுதான் இந்த இழையிலேயே முக்கியம் என்பேன்.

கலத்தின் வேகத்தால் ஆக்சிஜன் அயனி உங்களை நோக்கி 4.7 எலக்ட்ரான் வோல்ட்டோடு வருவதுபோல் தெரியும். ஹைட்ரஜன் 0.3. இது நமக்குக் கிடைத்த வரம், கலத்தின் வேகமே நிறைமானி வேலையைப் பாதி செய்துவிடுகிறது. இன்னொரு வரமும் உண்டு. 1,000 கெல்வின் என்பது வெறும் 0.09 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் அந்த வெப்ப வேகம், நொடிக்கு ஒரு கி.மீ., 7.5 கி.மீ.யோடு கூடியும் குறைந்தும் வருவதால் ஆர்பிஏ வளைவு 1.3 வோல்ட் அகலத்துக்கு விரிந்து நிற்கும். வெப்பநிலை பூதக்கண்ணாடி வழியாகத் தெரிகிறது.

ஆனால் அதே பூதக்கண்ணாடி பிழையையும் பெருக்கும். அயனிகள் கலத்தின் திசையில் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வீசினால் வளைவு 0.125 வோல்ட் நகரும். கலத்தின் சொந்த மின்னழுத்தம் 0.125 வோல்ட் மாறினாலும் வளைவு அதே அளவுதான் நகரும். இரண்டையும் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. உலோகப் பரப்புகளின் வேலைச் சார்பு (எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) இடத்துக்கு இடம் மாறினாலே பத்தில் ஒரு பங்கு வோல்ட் போய்விடும். எல்லா வலையிலும் ஒரே தங்கப்பூச்சு என்பது அதனால்தான். பற்றாக்குறைக்கு, வலையின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்னழுத்தம் தொய்ந்துபோகும். நீங்கள் 5 வோல்ட் கொடுத்ததாக நினைப்பீர்கள், ஓட்டையின் நடுவில் அயனி பார்ப்பது அதைவிடக் குறைவு.

சுற்றுப்பாதை_எலி

அப்படியென்றால் கலத்தின் மின்னழுத்தத்தைத் தனியாக அளந்துவிட்டால் சரியாகிவிடுமே? சின்னதாக ஒரு லாங்மியூர் புரோப் (வோல்ட் கொடுத்துப் பிளாஸ்மாவிலிருந்து வரும் மின்னோட்டத்தை அளக்கும் உலோக முனை), 1 சதுர செ.மீ. பரப்புள்ள உருண்டை, ஒரு குச்சி முனையில். எலக்ட்ரான் அடர்த்தியும் அதிலேயே கிடைக்கும். சந்திரயான்-3 தரையிறங்கியில் போன ரம்பா புரோப்கூட 5 செ.மீ. உருண்டைதானே.

மைக்ரோ_ஆம்பியர்

ரம்பா நின்றது நிலவின் தரையில். அங்கே அளந்தது கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான். உங்கள் இடத்தில் கன மீட்டருக்குப் பத்தாயிரம் கோடி. அதை இங்கே ஒப்பிட முடியாது.

உருண்டையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். எலக்ட்ரான் வெப்பநிலை 0.2 எலக்ட்ரான் வோல்ட், அடர்த்தி அதே ஒரு லட்சம். சும்மா இருக்கும் பரப்பில் எலக்ட்ரான்கள் தாமாக வந்து மோதுவதே சதுர செ.மீ.க்கு 120 நானோ ஆம்பியர். புரோப்பைப் பிளாஸ்மாவைவிட 3 வோல்ட் உயர்த்தினால் உருண்டைக்கு 16 மடங்கு: 1.9 மைக்ரோ ஆம்பியர். சரி, இந்த எலக்ட்ரான் எல்லாம் கலத்துக்குள் வந்தாயிற்று. எப்படி வெளியே போகும்? கலத்தின் உடல் அதே அளவு அயனியைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். கலம் போகும் திசையைப் பார்க்கும் முன்முகம் சதுர செ.மீ.க்கு 12 நானோ ஆம்பியர்தான் சேர்க்கும். அப்படியானால் 160 சதுர செ.மீ. வேண்டும். உங்கள் முன்முகம் 10×10, அதாவது 100.

கடன் அடைக்க ஆள் இல்லாததால் கலம் எதிர்மறையாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் 3 வோல்ட் ஏற்றினோம் என்று நினைப்பீர்கள். புரோப் இருந்த இடத்திலேயே நிற்க, கலம்தான் இறங்கியிருக்கும். இதில் அடர்த்தி கூடினாலும் குறைந்தாலும் தப்பிக்க முடியாது, இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் மாறும். பெரிய செயற்கைக்கோளில் இந்தத் தலைவலி தெரியாது, உடல் அவ்வளவு பெரியது. கியூப்சாட்டில் கலமே உங்கள் சுற்றின் இன்னொரு மின்முனை.

வெற்றிடவாசி

சூரியத் தகட்டை மறந்துவிடாதீர்கள். கலத்தின் உடலை மின்கலத்தின் எதிர்முனையோடு கட்டிவிட்டு, தகடுகளில் நேர்மின் இணைப்புப் பட்டை வெறுமையாக வெளியே தெரிந்தால் அதுவும் ஒரு பெரிய புரோப்தான். எலக்ட்ரானை அது குடிக்கும், உடல் இன்னும் கீழே போகும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 160 வோல்ட் தகடுகளால் இதே பிரச்சினை வந்து, பிளாஸ்மாவை உமிழும் கருவி வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். உங்களுடையது சில வோல்ட், ஆனால் நீங்கள் தேடுவதோ 0.1 வோல்ட்.

தூசிப்படலம்

உருண்டையை விட்டுவிட்டு ஊசிகளைப் பாருங்கள். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான பல்லூசி புரோப், நார்சாட்-1-ல் 2017-ல் போனது. அரை மி.மீ. தடிமன், 25 மி.மீ. நீளம், ஒவ்வொன்றும் ஒரு நிலையான வோல்ட்டில். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் வேலையே இல்லை. மெல்லிய உருளைக்கு மின்னோட்டத்தின் வர்க்கத்தை வோல்ட்டுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. அதன் சரிவு அடர்த்தியை மட்டும் சொல்லும். வெப்பநிலையும் வேண்டாம், கலத்தின் மின்னழுத்தமும் வேண்டாம். கலம் அரை வோல்ட் நகர்ந்தால் கோடு பக்கவாட்டில் நகரும், சரிவு அப்படியே இருக்கும்.

வேகமும் கிடைக்கும். ஒரு நொடியில் வோல்ட்டை ஏற்றி முடிக்கும் புரோப் அதற்குள் 7.5 கி.மீ. கடந்துவிடும், நடுவே இருந்த சின்னச் சின்ன குமிழி எல்லாம் மறைந்துபோகும். ஊசியை நொடிக்கு ஆயிரம் முறை படித்தால் 7.5 மீட்டருக்கு ஒரு புள்ளி.

பரப்பும் கைக்குள் அடங்கும். ஓர் ஊசி 0.4 சதுர செ.மீ. 3 வோல்ட்டில் 0.2 மைக்ரோ ஆம்பியர் சுமாருக்கு. நான்கும் சேர்ந்து 0.9. உங்கள் முன்முகம் கொடுப்பது 1.2. இழுபறிதான், ஆனால் உருண்டைபோல் திவால் ஆகாது.

கோடிஎண்

அக்கா, ஒரு ஆட்சேபணை. அந்த நேர்கோடு முடிவில்லா நீளமுள்ள உருளைக்கு. உங்கள் ஊசி 25 மி.மீ. இந்த அடர்த்தியில் டெபை நீளம் (ஒரு மின்சுமையின் தாக்கம் பிளாஸ்மாவுக்குள் எட்டும் தூரம்) 1 செ.மீ., இரவில் 3 செ.மீ.க்கு மேல். டெபை நீளத்தைவிடக் குட்டையான ஊசி பாதி உருண்டைபோலத்தான் நடந்துகொள்ளும். வர்க்கம் என்பதே தவறிப்போகும், அடர்த்தி கூடுதலாகத் தெரியும்.

தூசிப்படலம்

உண்மை, மறுக்கவில்லை. மின்னோட்டம் வோல்ட்டின் எந்த அடுக்கில் கூடுகிறது என்பதற்கு 0.5 (வர்க்கமூலம்) என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. நான்கு ஊசி இருந்தால் அடுக்கையும் ஒரு தெரியாத எண்ணாக விட்டுப் பொருத்தலாம். ஊசியைத் தாங்கும் காப்புக்குழலைச் சுற்றி அதே வோல்ட்டில் ஒரு காவல் உறையும் போட்டால் அடிப்பக்கத்து விளிம்புத் தொல்லை குறையும். இரவுப்பக்க எண்ணைப் பார்த்தால் பிழைப்பட்டையைப் பெரிதாகப் போடுங்கள்.

எனக்கு இதைவிடப் பயம் அழுக்குதான். வோல்ட்டை ஏற்றி இறக்கிப் பார்க்கும் ஒரு புரோப்பை ஒருமுறை அறையில் சோதித்தோம். ஏறும்போது ஒரு வளைவு, இறங்கும்போது வேறு வளைவு, நடுவே வாழை இலை அகலத்துக்கு இடைவெளி. எலக்ட்ரான் வெப்பநிலை எதிர்பார்த்ததைப்போல இரண்டு மடங்கு. மூன்று நாள் சுற்றைப் பிரித்து மேய்ந்தோம், மென்பொருளைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால், பொருத்தியவர் கையுறை போடாமல் உருண்டையை நகர்த்தியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் ஒரு மின்தேக்கிபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. புரோப்பைச் சூடாக்கிச் சுத்தம் செய்ததும் இரண்டு வளைவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. ஸ்வார்ம் செயற்கைக்கோள்களில் ஓர் உருண்டைக்குத் தங்கமும் இன்னொன்றுக்கு டைட்டானியம் நைட்ரைடும் பூசியிருப்பதைப் பார்த்தால், பரப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும் :)

மைக்ரோ_ஆம்பியர்

சுற்றுப்பலகையிலும் அதே கதை. நானோ ஆம்பியர் அளக்கும் முனையைச் சுற்றிக் காவல் வளையம் போடுங்கள், ஃபிளக்ஸ் எச்சத்தைக் கழுவித் துடையுங்கள். காந்தத் திருப்பிகளை (கலத்தின் திசையைத் திருப்பும் மின்காந்தச் சுருள்கள்) அளவீட்டு நேரத்தில் அணைத்துவிடுங்கள். அப்புறம் ஆர்பிஏ வலையின் வோல்ட்டை ஏற்றும்போது பக்கத்து வலையிலிருந்து சேகரிப்புத் தட்டுக்கு மின்தேக்க வழியாக ஒரு போலி ஓட்டம் வரும். ஒவ்வொரு படியிலும் சில மில்லி நொடி பொறுத்துவிட்டுப் படியுங்கள்.

சுற்றுப்பாதை_எலி

தரையில் இதை எப்படிச் சோதிப்பது? எங்களிடம் சின்ன வெற்றிட அறை ஒன்று இருக்கிறது.

வெற்றிடவாசி

முழுதாக முடியாது என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 5 எலக்ட்ரான் வோல்ட் அயனிக் கற்றை என்பது கையில் பிடித்த புகை மாதிரி. அயனிகள் ஒன்றையொன்று தள்ளி விரிந்துவிடும், அறைச் சுவரின் பத்தில் ஒரு வோல்ட்கூட அதைத் திருப்பிவிடும். நான் செய்வது: 50, 100 எலக்ட்ரான் வோல்ட் கற்றையில் வலையின் தொய்வையும் கோணத்துக்கான எதிர்வினையையும் அளந்துகொண்டு, அதே வடிவத்தைக் கணினியில் ஓட்டி, இரண்டும் பொருந்தினால் கீழே 5-க்கு நீட்டிப்பேன். எலக்ட்ரோமீட்டரைத் தனியாக ஒரு பெரிய மின்தடை வழியே மின்னோட்டம் கொடுத்துச் சரிபார்க்கலாம், அதற்கு அறையே வேண்டாம். கலத்தின் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் மேலே போனால்தான் பார்ப்பீர்கள்.

சுற்றுப்பாதை_எலி

நேற்று குழுவோடு உட்கார்ந்து பேசினோம். டாப்-ஹேட் போயிற்று. முன்முகத்தின் நடுவில் 4 சதுர செ.மீ. ஆர்பிஏ, நான்கு மூலையிலிருந்தும் நான்கு ஊசி, 2 முதல் 8 வோல்ட் வரை வெவ்வேறாக. தகடுகளின் நேர்மின் பட்டைகளைக் காப்புப் பூச்சால் மூடுகிறோம். அயனி வேகத்தை முதன்மை நோக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். அடர்த்தியும் வெப்பநிலையும் போதும், வேகம் கிடைத்தால் லாபம். முன்முகத் தட்டு முழுவதும் வெறும் அலுமினியம், அயனி சேர்க்க. 1.5 வாட்டில் பாதிகூடச் செலவாகவில்லை.

மைக்ரோ_ஆம்பியர்

நல்ல முடிவு. ஊசிகளை ஆர்பிஏ வாயிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறீர்கள்? ஒன்றின் உறை (அதன் வோல்ட்டால் கலைந்துபோகும் பிளாஸ்மாப் பகுதி) இன்னொன்றின்மேல் விழக் கூடாது. சில டெபை நீளமாவது வேண்டும், அதனால் ஊசியைக் குச்சியில் முன்னோக்கி நீட்டுங்கள்.

வெற்றிடவாசி

"வெறும் அலுமினியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கிறதா? கியூப்சாட் விதிப்படி ரெயில்கள் (நான்கு மூலையிலும் ஓடும் சட்டங்கள்) ஹார்ட் அனோடைஸ் ஆகியிருக்க வேண்டும். அது காப்புப் படலம், அயனி சேர்க்காது. முன்முகத்தில் ரெயில் முனைகள் நான்கும் சேர்ந்து 3 சதுர செ.மீ.தான், அது போனால் போகட்டும். ஆனால் பட்டறைக்காரர்கள் ரெயிலோடு சேர்த்து முகத்தட்டையும் அதே தொட்டியில் முக்கிவிடுவார்கள்.

சுற்றுப்பாதை_எலி

ஐயோ. வரைபடத்தின் கீழ்க்குறிப்பில் "எல்லாப் பாகங்களும் ஹார்ட் அனோடைஸ்" என்றுதான் இருக்கிறது. போன வாரமே அனுப்பிவிட்டோம். இதோ, போன் போடுகிறேன்.